சோளத்தில் கரிப்பூட்டை: விதையிலேயே தடுப்பீர்!

சோளப் பயிர் செழித்து வளர்ந்திருக்கும். தட்டையிலும் இலையிலும் ஒரு குறையும் தெரியாது. ஆனால் கதிர் வந்த பிறகு பார்த்தால், மணி இருக்க வேண்டிய இடத்தில் அழுக்கு வெண்மை நிறத்தில் நீண்ட பைகள் இருக்கும். நசுக்கினால் உள்ளே கரும்பொடி. இதுவே கரிப்பூட்டை நோய்.

இதைக் கண்டதும் பூசணக்கொல்லி வாங்கிக் கதிரில் தெளிப்போர் உண்டு. அச்செலவால் பயனில்லை. கதிரில் தெரிந்தாலும் நோய் பற்றியது முளைப் பருவத்தில்தான்.

களத்தில் கதிர் அடிக்கும்போது இப்பைகள் உடைகின்றன. கரும்பொடியாக உள்ள பூசண வித்துக்கள் நல்ல மணிகளின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அந்த மணியை விதைத்தால், விதையுடன் பூசணமும் முளைத்து இளங்குருத்தில் நுழைகிறது. பயிருக்குள் மறைந்து வளர்ந்து, பூக்கும் சமயத்தில் சூலைக் கரியாக்குகிறது. எனவே மருந்து சேர வேண்டிய இடம் விதையின் மேல்தோல்.

ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் நயமான கந்தகத்தூள் போதும். மானாவாரியில் ஏக்கருக்கு 6 கிலோ விதை என்றால் 24 கிராம் தூள்தான் தேவை. காய்ந்த விதையையும் தூளையும் மூடியுள்ள பாத்திரத்தில் பாதியளவுக்கு இட்டு, எல்லா விதையிலும் தூள் படியும்படி பத்து நிமிடம் நன்கு குலுக்க வேண்டும். கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது அவசியம். அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. மீந்த விதையை உணவாகவோ, கோழிக்குத் தீனியாகவோ கொடுக்கக் கூடாது.

கதிர் முழுவதும் கரிப்பொடியாகி உதிரும் உதிரிக் கரிப்பூட்டையும் விதை மூலம் பரவுவதால், அதற்கும் இம்முறை பலன் தரும். ஆனால் கதிரே ஒரு பெரிய கரிப்பந்தாக மாறும் வகை மண்ணிலிருந்து வருவது. அதை விதை நேர்த்தியால் மட்டும் தடுக்க இயலாது. பயிர்ச் சுழற்சி வேண்டும்.

இப்போது வயலில் நோய் கண்டிருப்பவர்கள், பைகள் உடையுமுன் அக்கதிர்களைத் துணிப்பையால் மூடி அறுத்து, பையோடு கொதிநீரில் அமிழ்த்தி அழிக்க வேண்டும். அவ்வயலிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுக்கலாகாது. நோயற்ற வயலில் எடுத்த விதையானாலும், கந்தகம் கலந்த பின்னரே விதைப்பது நல்லது.