அடிபட்டவர் கேட்பதா, விடுவதா?

பால்மரத் தோட்டத்து மண்சாலை பெரிய சாலையைத் தொடும் இடம் எல்லாருக்கும் தெரிந்த இடம்தான். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் அங்கே வரிசையாக வெளிப்படும். மூடுபனி விலகியிருக்காது. பட்டணத்துக்கு விரையும் கார்களும் அதே நேரத்தில்தான் வரும்.

நாம் அறிந்த ஒரு பால்மரத் தொழிலாளி இப்படியொரு சந்தியில்தான் அடிபட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. காரோட்டி வந்தவர் நல்ல மனிதர். ஓடிவிடவில்லை. தம் காரிலேயே ஏற்றிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் பழக்கூடையோடு வந்து, 500 வெள்ளியையும் கையில் வைத்து, "அண்ணே, போலீசுக்கெல்லாம் போக வேண்டாம், நாமே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்றார். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். வீட்டார் மனம் குளிர்ந்து போனார்கள். இரண்டு மாதம் கழித்து டாக்டர் சொன்னார்: முழங்கால் இனி முழுவதும் மடங்காது, மேட்டு மலையில் ஏறி மரம் வெட்டுவது கடினம். அப்போதுதான் அந்த 500 வெள்ளி எத்தனை சிறியது என்பது புரிந்தது.

இந்தக் குடும்பம் ஏன் உடனே கேட்கவில்லை? பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், "நல்ல மனுசன், அவர் வயிற்றில் அடிக்கலாமா?" என்ற எண்ணம். இது நம் மக்களின் பெருந்தன்மை. ஆனால் இங்கே அது தவறான இடத்தில் செலவாகிறது. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பிறருக்கு ஏற்படும் உடற்காயத்துக்கும் மரணத்துக்கும் இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வாகனத்தையும் சாலையில் ஓட்டக் கூடாது. நாம் கேட்கும் நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்கிறது. காரோட்டி அதற்காகத்தான் ஆண்டுதோறும் பணம் கட்டி வருகிறார். அவருக்கு நேரும் இழப்பு, அடுத்த ஆண்டுகளில் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி குறைவது போன்றதே.

ஆனாலும் எல்லா அடிக்கும் வழக்குப் போடத் தேவையில்லை. தோல் உரிந்து இரண்டு நாளில் ஆறிவிட்டால், மருந்துச் செலவை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவதே மேல். வழக்கு என்றால் ஆண்டுக்கணக்கில் அலைச்சல், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க நேரலாம். எலும்பு முறிவு, தலையில் அடி, கண், கைவிரல், நெடுநாள் வேலை இழப்பு என்றால் கதை வேறு. வலது கையின் பெருவிரல் விறைத்துப்போனால் கணக்கர் எப்படியோ சமாளிப்பார். உளி பிடிக்கும் நம்மவர் என்ன செய்வார்?

கேட்கலாமா என்று தீர்மானிக்குமுன் ஒரு கேள்வியை ஒளிவுமறைவின்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தவறு யாருடையது? முழுத்தவறும் நம்முடையதென்றால் எதிரியின் இன்சூரன்சிலிருந்து ஒன்றும் வராது. இரு பக்கமும் தவறு இருந்தால் நீதிமன்றம் பங்கு பிரிக்கும். நம் பங்கு நூற்றுக்கு 30 என்றால், கிடைக்க வேண்டிய தொகையில் 30 விழுக்காடு குறையும். விளக்கில்லாத மோட்டார் சைக்கிளில் இருட்டில் போனதும், ஹெல்மெட் போடாமல் தலையில் அடி வாங்கியதும் இங்கே நமக்கு எதிராக வந்து நிற்கும்.

தவறு யாருடையது என்பதை நம் வாய்ச்சொல் மட்டும் காட்டாது, தாள்கள்தாம் காட்டும். விபத்தில் சிக்கிய வாகனமோட்டி 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டுமென்பது சட்டம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தால், முடிந்தவுடன் செய்ய வேண்டும். சந்தியின் வரைபடம், வண்டிகள் கிடந்த நிலை ஆகியவற்றைப் போலீசாரிடமிருந்து கட்டணம் செலுத்திப் பெறலாம். அந்த நேரத்தில் பின்னால் வந்த தோழரின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து அவர் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார்.

பிஸ்கட் டின் ஒன்று போதும். அதில் ஆஸ்பத்திரி ரசீது, மருந்துக் கடை ரசீது, ஊன்றுகோல் வாங்கிய ரசீது, டாக்சிக் கூலி, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். வலிக்கும் ஊனத்துக்கும் நீதிமன்றம் தானே ஒரு தொகை நிர்ணயிக்கும். கையிலிருந்து செலவான பணத்தையோ நாம்தான் நிரூபிக்க வேண்டும். சம்பளச் சீட்டு மிக முக்கியம். இனி வரப்போகும் வருமான இழப்பைக் கணக்கிட 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. அது 2019-இல் திருத்தப்பட்டது. அடிபட்டபோது வயது 30 அல்லது அதற்குக் குறைவானால் 16 ஆண்டுகள். 31 முதல் 59 வரையென்றால் 60-இலிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். 40 வயதுக்காரருக்கு 10 ஆண்டு. அவருக்கு மாதம் 600 வெள்ளி வருமானம் குறைந்துவிட்டதாக நிரூபித்தால், 600 பெருக்கல் 12 பெருக்கல் 10, அதாவது 72,000 வெள்ளி என்று பேச்சு தொடங்கும். அதில் வாழ்க்கைச் செலவுக்கான கழிவுகள் போகும். அப்படியிருந்தும் 500 வெள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடிபடுமுன் சொந்த உழைப்பில் சம்பாதித்து வந்தவருக்கே இந்தக் கணக்கு. ஆகவே சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடும் பழக்கம் நம்மிடம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும்.

இன்னொரு வாசலும் உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ, திரும்பும் வழியிலோ அடிபட்டால் சொக்சோ பாதுகாப்பு உண்டு. டாக்டர் கொடுத்த விடுப்பு நாள்களுக்கு அன்றாடச் சம்பளத்தில் 80 விழுக்காடு கணக்கில் கிடைக்கும். விடுப்பு குறைந்தது நான்கு நாளாவது இருக்க வேண்டும். இங்கே தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லை. சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சொக்சோவில் கேட்டுவிட்டதால் அயலார் காரின் மேல் வழக்குப் போடக் கூடாதென்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தோட்டத்து லோரியே மோதி, ஓட்டியவரும் தோட்டத்து ஊழியர் என்றால் நிலைமை மாறும். அது வேலைக் காயமென்றால் முதலாளியின் மேலும் அவருடைய ஊழியரின் மேலும் வழக்குத் தொடுக்கச் சொக்சோ சட்டம் இடம் தருவதில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், இதில் கைநாட்டு வையுங்கள்" என்று ஒருவர் வந்து நிற்பார். அவர் வழக்கறிஞர் அல்லர், தரகர். கிடைக்கும் நஷ்டஈட்டில் இத்தனை விழுக்காடு எனக்கு என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதைக்கூட இந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. தரகருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? வசதி குறைந்தவர்கள் சட்ட உதவித் துறையின் அலுவலகத்துக்குப் போய் விசாரிக்கலாம். தொழிற்சங்கத் தலைவரிடமும் கேட்கலாம்.

காயம் எப்படி ஆறும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லும்வரை, இறுதித் தொகையென எதற்கும் கையெழுத்து வேண்டாம். அதற்காகத் தூங்கிவிடவும் கூடாது. தீபகற்பத்தில் காய வழக்குக்கு ஆறு ஆண்டுக் கெடு. அரசாங்க வாகனம் மோதியிருந்தால் மூன்று ஆண்டுதான். ஆள் இறந்துவிட்டால் குடும்பத்தார் கேட்கவும் மூன்று ஆண்டுதான். அடிபட்டது சிறுபிள்ளையென்றால், பதினெட்டு வயது நிறைந்த பிறகே அந்த ஆறு ஆண்டு ஓடத் தொடங்கும். பிள்ளைக்காக அதற்கு முன்பே பெற்றோர் வழக்குத் தொடுக்கலாம்.

நம் தொழிலாளி கடைசியில் போலீசுக்குப் போனார். கையெழுத்திட்ட தாள் இருந்தும் வழக்கறிஞர் ஒருவர் வழக்கை ஏற்றுக்கொண்டார். அந்த விபத்துப் புகார் பதிவானது அடிபட்ட 63-ஆம் நாள். விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்ட முதல் கேள்வியே, "ஏன் இத்தனை நாள்?" என்பதுதான்.