கேட்பதற்கா, பார்ப்பதற்கா?

இசை செவிக்குரியது என்றே நாம் சொல்லி வருகின்றோம். ஆனால் இசையை விற்பவர்கள் கண்ணைத்தான் முதலில் நம்புகின்றனர். மேடையேறுபவர் பெண்ணாக இருந்துவிட்டால் அவரது திறமைக்கு முன்னரே அவரது தோற்றம் சந்தைக்கு வந்து விடுகின்றது. சினிமாப் பாடலிலும் பொப் இசையிலும் இது எமக்குப் பழகிப்போன விடயம். கட்டுப்பாடும் ஆசாரமும் மிக்கதாகக் கருதப்படும் மேலைத்தேய சாஸ்திரிய இசையிலும் இதே கதைதான்.

சிங்கப்பூரில் 1978இல் பிறந்து இலண்டனில் வளர்ந்தவர் வனெஸா மே. பீத்தோவன், சைக்கோவ்ஸ்கி ஆகியோரின் பெரும் வயலின் படைப்புகளைச் சிறுமியாக இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்தவர். ஆனால் உலகம் அவரை அறிந்துகொண்டது 1995இல் வெளிவந்த 'த வயலின் பிளேயர்' என்னும் இறுவட்டின் மூலம். அக்காலத்தில் அவரைப் பிரபலப்படுத்திய படங்களில், கடல் நீரில் நனைந்த உடையுடன் வயலினைப் பிடித்தபடி நின்றார். இறுவட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 16. பாடசாலைப் பருவப் பிள்ளை ஒருத்தியை இப்படி நிறுத்தலாம் என்று தீர்மானித்தவர்கள் வளர்ந்தவர்கள். இதைப் பேசாமல் அவரது வாசிப்பு சுத்தமானதா இல்லையா என்றே பலரும் வாதாடிக் கொண்டிருந்தனர்.

நிறுவனங்களின் கணக்கு எளிமையானது. விவால்டியின் 'நான்கு பருவங்கள்' போன்ற ஒரு படைப்பு நூற்றுக்கணக்கான தடவைகள் ஒலிப்பதிவாகி விட்டது. புதிதாக ஒன்றை வாங்கச் செய்வதற்கு இசை மட்டும் போதாது, உறையிலுள்ள முகமும் வேண்டும். ஆண்களையும் இப்படி விற்றிருக்கின்றார்கள். நைஜல் கெனடி 1989இல் அதே படைப்பை வாசித்து வெளியிட்டபோது அவரது கலைந்த தலைமயிரும் முரட்டுப் பேச்சும் விளம்பரமாகின; இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகின. ஆனால் அவருக்குக் கிடைத்த வேடம் அடங்காத இளைஞன் என்பது. உடலைக் காட்டும்படி எவரும் அவரைக் கேட்கவில்லை.

அழகைக் கொண்டு விற்கும் சந்தை, அழகில்லை என்று முடிவுகட்டி ஒருவரைத் தள்ளியும் விடும். அமெரிக்க ஒப்பெரா பாடகி டெபோறா வொய்ற், றிச்சர்ட் ஸ்ட்ரவுஸின் 'அரியாட்னே' பாத்திரத்திற்குப் பெயர் பெற்றவர். 2004இல் இலண்டன் றோயல் ஒப்பெரா ஹவுஸ் அந்தப் பாத்திரத்திலிருந்து அவரை நீக்கியது. தயாரிப்புக்கெனத் தெரிவு செய்திருந்த கறுப்பு உடை அவரது பருத்த உடலுக்குப் பொருந்தாது என்பதே காரணம். உடையை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லைப் போலும்! அதே ஆண்டில் அவர் உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். 2008இல் அதே மேடைக்கு அதே பாத்திரத்தில் திரும்பினார். பவறொட்டியின் பருத்த உடலோ அவரது கம்பீரத்தின் அடையாளமாக உலகெங்கும் சுவரொட்டிகளில் ஒட்டப்பட்டது.

பெண்கள் தாமாகவே விரும்பி அணிந்தால் என்ன என்ற கேள்வியும் உண்டு. சீனாவில் பிறந்த பியானோக் கலைஞர் யூஜா வாங் 2011இல் ஹொலிவூட் போல் அரங்கில் குட்டையான செம்மஞ்சள் உடையில் றக்மானினொவின் மூன்றாவது கொன்சேர்ட்டோவை வாசித்தார். வாசிப்பதற்கு மிகவும் கடினமான படைப்புகளில் ஒன்று அது. ஆனால் பேச்செல்லாம் உடையைப் பற்றியதாகவே இருந்தது. உடையை அவரே தெரிவு செய்தார். அதைத் தொடர்ந்தும் அணிகின்றார். இதனை நிறுவனம் நனைத்து நிறுத்திய சிறுமியின் கதையோடு ஒன்றாகப் போடுவது நியாயமல்ல. எமது பக்கத்தில் கச்சேரிக்குப் போய்வந்து பாடகியின் காஞ்சிபுரச் சேலையையும் தோட்டையும் பற்றிப் பேசுபவர்களும் சற்று யோசிக்கலாம்.

கண் எவ்வளவு தூரம் காதை ஏய்க்கும் என்பதை 2013இல் சியா-ஜுங் சாய் என்பவரின் ஆய்வு காட்டியது. சர்வதேசப் போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளைக் கொடுத்து, வென்றவர் யார் எனக் கேட்டார். ஒலியில்லாத காட்சியை மாத்திரம் பார்த்தவர்களே மற்றவர்களை விடச் சரியாகச் சொன்னார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்கள் தடுமாறினார்கள். இசை வல்லுநர்களும் இதற்கு விதிவிலக்கல்லர்.

இதனால்தான் அமெரிக்க இசைக்குழுக்கள் பல, ஆட்சேர்ப்பின்போது திரைக்குப் பின்னாலிருந்து வாசிக்கச் செய்தன. பொஸ்ரன் இசைக்குழு 1952இலேயே இதைத் தொடங்கியது. குதிகால் சப்பாத்தின் சத்தம் பெண் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் சில இடங்களில் தரையில் கம்பளமும் விரித்தனர். 1970இல் அங்குள்ள முன்னணி ஐந்து குழுக்களில் பெண்கள் ஏறத்தாழ 5 வீதம். 1990களில் அது 20 வீதத்தைத் தாண்டியது. திரையும் அதற்கு ஒரு காரணம். ஆனால் திரை, குழுவில் ஓர் ஆசனத்திற்குப் போட்டியிடும் வரைக்குந்தான். தனித்து வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் அந்தத் திரை இல்லை. அவரது முகம் இறுவட்டின் உறைக்கு வேண்டியிருக்கின்றது.