வல்லாரை மூளையைக் காக்குமா?

மழை விட்ட மறுநாள் காலையில் தோட்டத்துக் கால்வாய் ஓரத்தைப் பார்த்திருப்பீர்கள். குதிரைக் குளம்பு போன்ற சின்னச் சின்ன இலைகள், தரையோடு தரையாகக் கொடி விட்டுப் பரந்து கிடக்கும். அதுதான் வல்லாரை. நம் பாட்டிமார் மடி நிறையப் பறித்து வந்து துவையல் அரைத்த கீரை. மலாய்க்காரச் சகோதரிகள் பெகாகா என்று சொல்லிப் பச்சையாகவே உலாமாக உண்பார்கள். சிங்களத்தில் கொட்டுகொல. சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் எங்கே சந்தைக்குப் போனாலும் கட்டுக் கட்டாகக் கிடைக்கும்.

"வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே" என்பது பழமொழி. ஞாபக சக்திக்கு நல்லது என்று எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளுக்குக் கொடுக்காத வீடு குறைவு. அண்மைக் காலமாக இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. "வல்லாரை மூளையை நஞ்சிலிருந்து காப்பாற்றும். ஆராய்ச்சியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்கிறார்கள். இது உண்மையா? பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் பம்பைத் தோளில் சுமந்த குடும்பங்கள் நாம். இந்தக் கேள்வி நமக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல.

மருந்து என்று பெயர் வைத்தோம்

தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பதை நாம் என்னவென்று சொல்கிறோம்? "மருந்தடிக்கப் போகிறேன்" என்கிறோம். நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்தவர்கள் நாம்! அந்த வேலையைப் பெரும்பாலும் நம் பெண்கள்தான் செய்தார்கள். கிராமாக்சோன் என்ற பெயரில் விற்கப்பட்ட பாராகுவாட், நெடுங்காலம் அவர்கள் முதுகில் ஏறியிருந்தது.

2002-ல் தெனாகானித்தா அமைப்பும், பினாங்கிலுள்ள பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து, தோட்டப் பெண்கள் நஞ்சால் படும் துன்பங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-ல் அந்தத் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுத் தடை வந்தது. ஆனால் வேறு களைக்கொல்லிகளும் பூச்சிக்கொல்லிகளும் இன்றும் இருக்கின்றன.

பாராகுவாட் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். மூளையோடும் அதற்குத் தொடர்பு உண்டா? அமெரிக்க விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளிவந்தது. பாராகுவாட்டைக் கையாண்டவர்களிடம் பார்க்கின்சன் என்னும் நடுக்கவாத நோய் சுமார் இரண்டரை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டதாம். அதுதான் காரணம் என்று இன்னும் அறுதியாகத் தீர்ப்பாகவில்லை. என்றாலும் கவலைப்பட இது போதாதா?

எலிகள் சொன்ன சேதி

இனி வல்லாரைக்கு வருவோம். நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் சின்னஞ்சிறு அடுப்புகள் எரிகின்றன. நாம் உண்ணும் உணவைச் சக்தியாக மாற்றுபவை அவைதாம். சில நஞ்சுகள் நேரே போய் இந்த அடுப்பை அணைக்கின்றன. இரும்பைத் துரு அரிப்பது போல் உயிரணு அரிக்கப்படுகிறது. மூளைக்கு நிறையச் சக்தி வேண்டும். ஆகவே அடி பலமாக விழுவது அங்கேதான்.

வல்லாரையில் ஆசியாட்டிகோசைடு, ஆசியாட்டிக் அமிலம் முதலிய பொருள்கள் உள்ளன. இவை அந்தத் துருவைத் தடுக்குமா என்றுதான் விஞ்ஞானிகள் பார்த்தார்கள். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தார் 2008-ல் ஒரு சோதனையை வெளியிட்டனர். பூஞ்சை பிடித்த கரும்பில் உண்டாகும் ஒரு நஞ்சு இருக்கிறது. சீனாவில் அத்தகைய கரும்பைத் தின்ற பிள்ளைகள் பலர் மூளை பாதிக்கப்பட்டார்கள். அதே நஞ்சைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்கூட்டியே வல்லாரைச் சாறு கொடுக்கப்பட்ட எலிகளின் மூளையில் சேதம் குறைவாக இருந்தது.

நம் தமிழ்நாட்டிலும் ஆய்வு நடந்திருக்கிறது. 1982-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கலப்படப் போதைப் பொருளை ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று நடுக்கவாதக்காரர்களைப் போல் உறைந்துபோனார்கள். அந்தக் கலப்படத்தில் இருந்த நஞ்சு உடலுக்குள் போய் மாறும் வடிவமும் பாராகுவாட்டும் அமைப்பில் ஒன்றையொன்று ஒத்தவை. அந்த நஞ்சை வைத்துத்தான் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் சுண்டெலிகளிடம் சோதனை செய்தார்கள். ஆசியாட்டிக் அமிலம் பெற்ற எலிகளின் மூளை கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. பாட்டி சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று பெருமைப்படலாம்.

மனிதருக்கு என்ன?

ஆனால் இங்கேதான் நிதானம் வேண்டும். எலிக்குக் கொடுத்தது காய்ச்சி வடித்த சாறு அல்லது பிரித்தெடுத்த அமிலம். எடைக்கு ஏற்ற அளவு. அது ஒரு கைப்பிடிக் கீரை அல்ல. மைசூரில் அதைக் கொடுத்ததும் நஞ்சுக்கு முன்னால், பின்னால் அல்ல.

மனிதரிடம் செய்த சோதனைகள் சிறியவை. 2016-ல் வெளிவந்த இந்தோனேசிய ஆய்வில், பக்கவாதம் வந்த 48 பேருக்கு ஆறு வாரம் வல்லாரைச் சாறோ ஃபோலிக் அமிலமோ கொடுத்தார்கள். கேட்டதைச் சற்று நேரம் கழித்து நினைவுபடுத்துவதில் வல்லாரை கொஞ்சம் முந்தியது. மற்றவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வல்லாரை அறிவுத்திறனைக் கூட்டுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். இவை எதுவும் மருந்தடிப்பவர்களைப் பற்றிய ஆய்வும் அல்ல.

மாத்திரையாக விழுங்குவதிலும் கவனம் தேவை. வல்லாரை மாத்திரையைச் சில வாரங்கள் சாப்பிட்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்ததை 2005-ல் அர்ஜென்டினா மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நிறுத்தியதும் குணமானார்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேளாமல் மாத்திரையைத் தொட வேண்டாம்.

எங்கே பறிக்கிறீர்கள்?

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் ஊன்றிப் படியுங்கள். வல்லாரை விரும்பி வளர்வது ஈரமான கால்வாய் ஓரத்தில். காட்டில் தெளித்த நஞ்சு மழையில் கழுவிப் போய்ச் சேர்வதும் அதே கால்வாயில்! அதுமட்டுமா? மண்ணிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களை வல்லாரை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் என்பதைப் புத்ரா மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மூளையைக் காக்கும் என்று நம்பிப் பறிக்கும் கீரையே மூளைக்கு ஆகாததைச் சுமந்து வரலாம்.

ஆகவே மருந்தடித்த இடத்திலும், சாலையோரத்திலும், தொழிற்சாலைக் கழிவுநீர் ஓரத்திலும் பறிக்காதீர்கள். வேர் விட்ட கொடித் துண்டு ஒன்றைச் சுத்தமான மண்சட்டியில் ஊன்றி, அரை நிழலில் வைத்துத் தினம் நீர் ஊற்றுங்கள். தோட்ட வீடானாலும், பட்டணத்து அடுக்குமாடியானாலும் வளரும். பழைய பெயிண்ட் டின்னும் மருந்து டின்னும் மட்டும் வேண்டாம்.

உண்மையான கவசம்

மருந்தடிப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், மூளைக்கு முதல் காவல் கையுறை, முகமூடி, பூட்ஸ், முழுக்கைச் சட்டை. இவற்றை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். இது சலுகை அல்ல, உரிமை. காற்றுக்கு எதிராகத் தெளிக்க வேண்டாம். கை கழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் குளித்துவிட்டே பிள்ளையைத் தூக்குங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். காலிப் போத்தலில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்காதீர்கள்.

மேலே கொட்டிவிட்டால் உடனே சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வல்லாரை அரைத்துக்கொண்டு நிற்காதீர்கள்! வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 999-ஐ அழையுங்கள், அல்லது போத்தலையும் அதன் லேபலையும் எடுத்துக்கொண்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பூச்சிக்கொல்லிகள் சிலவற்றுக்கு அங்கே மாற்று மருந்து உண்டு. பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். தடைக்கு முன் வாங்கிய பழைய போத்தல் எந்த மூலையிலாவது இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். இருந்தால் கால்வாயில் கொட்டாமல், விவசாய இலாகாவில் கேட்டு ஒப்படையுங்கள்.

அப்படியானால் வல்லாரையை விட்டுவிடுவதா? வேண்டவே வேண்டாம். நல்ல இடத்துக் கீரையைக் கழுவிப் பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்து சுடுசோற்றோடு உண்ணுங்கள். பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். கீரை கீரையின் வேலையைச் செய்யட்டும். கையுறையின் வேலையைக் கையுறைதான் செய்ய வேண்டும்.