6746328388800

6746328388800 (ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு) என்பது 13 இலக்கங்கள் கொண்ட ஒரு முழு எண் ஆகும். சீனிவாச இராமானுசன் 1915 இல் இலண்டன் கணிதவியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் தந்த மிகுபகு எண்களின் அட்டவணையில் இறுதியாக இடம்பெறுவது இவ்வெண்ணே. அவ்வாய்வுக்காக 1916 இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது.

மிகுபகு எண்

தன்னைவிடச் சிறிய எண்கள் ஒவ்வொன்றையும் விடக் கூடுதலான வகுஎண்களைக் கொண்ட எண், மிகுபகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12 இன் வகுஎண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12 ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை.

பண்புகள்

பகாக் காரணிகள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வோர் அடுக்குடனும் 1 ஐக் கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை கிடைக்கும்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080

1 முதல் 28 வரையுள்ள எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும். 29 ஆல் வகுபடாது. பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக அவற்றின் அடுக்குகள் கூடுவதில்லை. இது மிகுபகு எண்கள் அனைத்துக்கும் பொதுவான பண்பாகும்.

விடுபட்ட எண்

இராமானுசனின் அட்டவணையில் 102 எண்கள் உள்ளன. அதில் 293318625600 என்னும் மிகுபகு எண் விடுபட்டுள்ளது. 6746328388800 ஐ 23 ஆல் வகுத்தால் கிடைப்பது அவ்வெண்ணே. 23 ஒருமுறை மட்டுமே காரணியாக வருவதால், விடுபட்ட எண்ணின் வகுஎண்கள் சரிபாதி, அதாவது 5040 ஆகும். கணினி இல்லாத காலத்தில் உருவான இவ்வட்டவணையை இன்று ஒரு சிறு நிரலைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம்.