தோய்க்காத ஜீன்ஸும் தேய்ந்த சப்பாத்தும்

ஸ்காபரோவில் இரும்புத் தகடு அழுத்தும் பக்டரி ஒன்றில் எனக்கு வேலை. போன வருஷம் அங்கே அளவு சரிபார்க்கிற பகுதிக்கு ஒரு வெள்ளைக்காரப் பொடியன் புதிதாக வந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். வந்த நாள் முதல் ஒரே ஜீன்ஸ். கருநீல நிறம், பனைமட்டை போல விறைப்பு. இரண்டு மாதமாகக் கவனித்தேன், மாற்றவே இல்லை. பாவம், மாற்றுடுப்புக்கு வழியில்லாதவன் போலும் என்று நினைத்தேன். நாங்கள் வந்த புதிதில் எங்களிடம் மட்டும் என்ன இருந்தது? ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மெல்லக் கிட்டப் போய், எனக்கு அளவில்லாமல் போன இரண்டு ஜீன்ஸ் வீட்டில் சும்மா கிடக்கிறது, கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

அவன் கோபிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுத் தான் உடுத்தியிருந்ததன் விலையைச் சொன்னான். 350 டொலர். வேண்டுமென்றேதான் தோய்க்காமல் உடுத்துகிறானாம். ஆறு மாதம் கழித்துத்தான் முதல் தோய்ப்பாம்.

அன்றிரவு இதைச் சொன்னபோது மனைவி, "விசரன்! ஊரில எண்டால் அவன்ர தாய் படலைக்கு வெளியில வைச்சுத்தான் சோறு குடுத்திருப்பா" என்றா.

ஆனால் அந்த விசருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜீன்ஸ் துணியில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. பாவு நூல்களைக் கயிறு போலத் திரட்டி நீலச் சாயத்தில் பலமுறை தோய்த்துத் தோய்த்து எடுக்கிறார்கள். அந்தச் சாயம் நூலின் மேற்பக்கத்தில் மட்டும் படியும், நடுவுக்குப் போகாது. ஆகவே எங்கே உராய்வு அதிகமோ அங்கே நீலம் உதிர்ந்து உள்ளிருக்கும் வெள்ளை தெரியும். நாங்கள் கடையில் வாங்குவது ஏற்கெனவே கழுவி மெதுமையாக்கியது. இவர்கள் வாங்குவது தறியிலிருந்து வந்தபடி கழுவாமல் தைத்தது. உடுத்துகிறவன் எப்படி இருக்கிறான், எந்தக் காலை மடிக்கிறான், எந்தப் பொக்கற்றில் பணப்பை வைக்கிறான் என்பதெல்லாம் அதில் கோடு கோடாக எழுதப்பட்டுவிடும். ஒரே நாளில் வாங்கிய இரண்டு ஜீன்ஸ் இரண்டு வருஷத்தில் இரண்டு பேரின் ஜீன்ஸாகிவிடும்.

நீலம் என்றதும் ஒரு சின்ன விஷயம். அது எங்கள் பக்கத்துச் சரக்கு. அவுரிச் செடியின் இலையிலிருந்து எடுப்பது. தமிழ்நாட்டில் திண்டிவனம் பக்கத்தில் இன்றும் எடுக்கிறார்கள். ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எவ். நிறுவனம் 1897இல் இரசாயன நீலத்தைச் சந்தைக்கு விட்ட பிறகுதான் இந்தியாவின் அவுரித் தோட்டங்கள் படுத்தன. தடித்த வேலை உடுப்பை ஆங்கிலத்தில் டங்கறீஸ் என்பார்களே, அந்தச் சொல்லும் பம்பாயின் டோங்ரிப் பகுதித் துணியிலிருந்து வந்ததுதான். பொடியனுக்கு இது தெரியும். எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும்.

இன்னொன்றும் அவன்தான் சொன்னான். 30 டொலர் ஜீன்ஸில் தொடையும் முழங்காலும் வெளிறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது யார் உடுத்தி வெளிறியது? துருக்கியில் பல வருஷங்களாக அதை மணலால் செய்தார்கள். அழுத்தக் காற்றோடு மணலைத் துணியின் மேல் பீச்சி அடிப்பது. காற்றோட்டமில்லாத சின்னப் பட்டறைகளில், பதிவும் இல்லாமல் காப்புறுதியும் இல்லாமல், இளம் பொடியள் அந்தத் தூசைச் சுவாசித்தார்கள். சுரங்கத் தொழிலாளருக்கு வருகிற சிலிக்கோசிஸ் அவர்களுக்கு இருபது வயதுகளிலேயே வந்தது. நுரையீரல் கல்லாகிற மாதிரி ஒரு நோய்; குணமாக்க மருந்தில்லை. 2009இல் துருக்கி அரசு அந்த முறையைத் தடை செய்தது. 2010இல் லீவைஸ், எச் அன்ட் எம் போன்ற பெரிய நிறுவனங்கள் கைவிடுவதாக அறிவித்தன. அதன் பிறகும் வேறு நாடுகளில் நடந்தது.

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் குனிந்து என் தொடையைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது.

இப்படி உடுத்துகிறவர்கள் அவன் ஒருவன் அல்ல. ரொறன்ரோவில் ஒரு கூட்டமே இருக்கிறது, வேறு நாடுகளிலும் இருக்கிறது. சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, குயீன் வீதி மேற்கில் ஒரு கோப்பிக் கடையில் சந்திக்கிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டான். வெளியே போகிறோமென்று நான் அயன் பண்ணிய காற்சட்டை, வெள்ளைச் சேட், கலியாண வீட்டுக்குப் போடுகிற கறுத்தச் சப்பாத்து எல்லாம் போட்டுப் போனேன். உள்ளே ஒன்பது பேர். ரயில் பாதைத் தொழிலாளி போடுகிற நீலக் கோட், சுரங்கத்தில் இறங்குகிறவன் போடுகிற தடித்த களிசான், மரம் வெட்டுகிறவனின் உயர்ந்த சப்பாத்து. விசாரித்தால் ஒருவர் வங்கியில் கம்பியூட்டர் வேலை, ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். ஒரு வயதான தச்சுத் தொழிலாளி மட்டும் உண்மையான கை வேலைக்காரர். அந்த இடத்தில் மெசினில் நிற்கிறவன் நான் ஒருவன். கிளாக்கர் மாதிரி உடுத்தியிருந்தவனும் நான் ஒருவன்தான்.

கடைக்குப் பின்னால் செங்கல் மதில் ஒன்று. ஒவ்வொருவராகப் போய் நிற்க, மற்றவர் படம் எடுக்கிறார். பிறகு தொப்பியிலிருந்து சப்பாத்துவரை ஒவ்வொன்றும் எங்கே செய்தது, எத்தனை அவுன்ஸ் துணி, எந்தத் தோல் என்று சொல்ல வேண்டும். சப்பாத்து மினசோட்டாவில் 1905இல் தொடங்கிய றெட் விங், அல்லது 1931இல் தொடங்கிய எங்கள் நாட்டு வைபேர்க். ஜீன்ஸ் என்றால் ஜப்பானின் கொஜிமா. பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அந்த ஊரில் 1965இல் முதல் ஜப்பான் ஜீன்ஸ் தைத்தார்கள். இன்று அமெரிக்கர்களே அங்கே தேடிப் போகிறார்கள். அமெரிக்காவில் பழைய தறிகளில் நெய்த பேர்பெற்ற ஆலை, கிறீன்ஸ்பரோவின் வைற் ஓக், 2017 கடைசியில் மூடப்பட்டுவிட்டது. மொன்றியால் நிறுவனம் ஒன்று தைத்த 32 அவுன்ஸ் ஜீன்ஸோடு ஒருவர் வந்திருந்தார். சாதாரண ஜீன்ஸ் 12, 14 அவுன்ஸ். அவர் கதிரையில் இருப்பதற்கு மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்பதுபோல, இவர்கள் ஜீன்ஸுக்கு எத்தனை மாதம் என்று கேட்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் எரிச்சலும் வந்தது. ஒரு சோடி சப்பாத்துக்கு என்னுடைய ஒரு கிழமைச் சம்பளம் கொடுத்து, வேலை செய்து தேய்ந்த மாதிரி ஆக்க வேண்டுமா? 2017இல் அமெரிக்கக் கடை ஒன்று பொய்ச் சேறு பூசிய ஜீன்ஸை 425 டொலருக்கு விற்றது. அதைச் சொல்லிக் கேட்டேன். எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். பூசின சேறும் மணல் அடித்த வெள்ளையும் அவர்களிடம் செல்லாது. அவரவர் நடந்து வந்த அடையாளம்தான் வேண்டுமாம்.

ஆசிரியரோடுதான் அதிக நேரம் கதைத்தேன். செப்பு ஆணி அடித்த ஜீன்ஸைக் கண்டுபிடித்த ஜேக்கப் டேவிஸ், றீகாவிலிருந்து வந்து நெவாடாவில் ரெனோ என்ற ஊரில் தையல் வேலை செய்தவர். விறகு வெட்டும் ஒருவரின் மனைவி, கிழியாத களிசான் ஒன்று தைத்துத் தா என்று கேட்டதில் தொடங்கியது. காப்புரிமைக்குக் கட்டக் காசில்லாமல் 1872இல் தனக்குத் துணி விற்ற லீவை ஸ்ட்ரவுசுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் முழுக்க எழுத்துப் பிழை என்கிறார்கள். ஸ்ட்ரவுசும் பவேரியாவிலிருந்து பதினெட்டு வயதில் வந்தவர்தான். 1873 மே 20இல் காப்புரிமை கிடைத்தது.

ஆசிரியர் போட்டிருந்த பழைய கோட்டில் ஜீ.டபிள்யூ.ஜீ. என்று துணிச் சீட்டு. எட்மன்டனில் 1911இல் தொடங்கி 2004இல் மூடிய தையல் ஆலை. அங்கே தைத்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். முதலில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், பிற்காலத்தில் ஆசியாவிலிருந்து வந்தவர்கள். கூலி, தைத்த துண்டுக் கணக்குக்கு. என் மனைவியும் இங்கே துண்டுக் கணக்கில் மூன்று வருஷம் சேட் தைத்தவ என்று சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றித் தந்தார். கழுத்துப் பட்டியின் உள்தையலைத் தடவிப் பார்த்தேன். இந்த ஆட்களுக்குத் தறியின் பெயர் தெரியும், தோல் பதனிட்ட ஆலையின் பெயர் தெரியும். தைத்தவவின் பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் மனைவியின் வேலையைப் பற்றி அவ்வளவு கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். அவவிடம் வந்து சொன்னேன். "கொலர் சரியாய் இருந்ததோ?" என்று கேட்டா. சரியாய் இருந்தது என்றேன்.

இனி என் கதை. இந்த நாட்டுக்கு வந்த பதினொரு வருஷமும் நான் நல்ல உடுப்போடு பஸ் ஏறி, பையில் கொண்டுபோகும் வேலை உடுப்பைப் பக்டரியில் மாற்றுகிறவன். திரும்பும்போதும் அப்படியே. வாசிக்கிற உங்களில் பலரும் இதைச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், பஸ்ஸில் பைகளைப் பார்க்கிறேன். எனக்கு ஒரு காரணம் இருந்தது. தங்கச்சிக்குக் கலியாணம் பேசும்போது, தமையன் கனடாவில் கொம்பனி சூப்பர்வைசர் என்று சொல்லப்பட்டது. சொன்னது அம்மா, மறுக்காமல் இருந்தது நான். அதற்குப் பிறகு ஊருக்குப் போன படமெல்லாம் கோட் போட்டு, ஆற்றையோ காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது.

பொடியனுக்குக் கண் என் சேவ்டி சப்பாத்தில். ஆறு வருஷம் போட்டது. எண்ணெய் ஊறிக் கறுத்துவிட்டது. மெசினின் மிதியை வலது காலால் மிதிப்பதால் வலது அடியின் நடு தட்டையாகிவிட்டது. வலது நுனியில் தோல் தேய்ந்து உள்ளிருக்கும் இரும்பு ஒரு சதக் காசளவு தெரிந்தது. படம் எடுக்கட்டுமா என்று கேட்டான். இரண்டு தரம் மாட்டேன் என்றேன். மூன்றாம் தரம், முழங்காலுக்குக் கீழே மட்டும் என்று சொல்லிக் கார் நிறுத்துகிற இடத்தில் நின்றேன்.

அவன் அதைத் தன் ஆட்களுக்கு அனுப்பினான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜப்பானிலிருந்து ஒருவர், இந்த ஆள் வலது காலால் ஏதோ மிதிக்கிறார் என்று எழுதியிருந்தார். பாராட்டாத ஒரே ஆள் கோப்பிக் கடையில் பார்த்த வயதான தச்சுத் தொழிலாளி. இரும்பு வெளியே தெரிந்தால் அந்தச் சப்பாத்தின் காலம் முடிந்தது, நாளைக்கே மாற்றச் சொல் என்று எழுதியிருந்தார்.

அவர் சொன்னது சரி. புதிதாக வந்தவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஏஜென்சிக்காரன் சப்பாத்து வாங்கி வா என்றால் மலிவு பார்த்தோ வடிவு பார்த்தோ வாங்காதீர்கள். வெளிப்பக்கத்தில் சி.எஸ்.ஏ. பச்சை முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். விரல்களுக்கு முதல் தரக் காப்பும் ஆணி ஏறாத அடியும் உண்டு என்பது அதன் பொருள். மின்சார வேலை என்றால் வெள்ளைச் செவ்வகத்தில் செம்மஞ்சள் நிற ஒமேகா எழுத்தும் வேண்டும். இந்தப் பழைய பாணிச் சப்பாத்துகள் பலவற்றில் இவை இல்லை, பக்டரிக்குள் விடமாட்டார்கள். ஆனால் பராமரிப்பை அவர்களிடம் கற்கலாம். நனைந்தால் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். உள்ளே பேப்பர் அடைத்துக் காற்றில் விடுங்கள். பனிக்காலத்து உப்பை அன்றன்றே ஈரத் துணியால் துடையுங்கள். இடைக்கிடை தோல் எண்ணெய் பூசுங்கள். கொஞ்சம் காசு கூடக் கொடுக்க முடிந்தால் அடி ஒட்டாமல் தைத்த, குட்இயர் வெல்ட் என்கிற வகையை வாங்குங்கள். அடி தேய்ந்தால் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்துப் புது அடி போடலாம்.

அடுத்த சனிக்கிழமை நான் பச்சை முக்கோணம் போட்ட புதுச் சோடி வாங்கினேன். படத்தைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். ஆரென்று எழுதவில்லை.

"கால் ரெண்டையும் வெளிப்பக்கம் வைச்சு அப்பா மாதிரி நிக்கிறது நீங்கள்தானே அண்ணா? என்ன வேலை உது?" என்று பதில் வந்தது.

மறுமொழி எழுத எனக்கு ஒரு கிழமை எடுத்தது. மெசினின் பெயரிலிருந்து தொடங்கி, கால் மிதி எங்கே இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை தரம் மிதிப்பேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன்.