லேப்பிலும் ஓட வேண்டும், வீட்டிலும் ஓட வேண்டும்

ஆவடியில் வீடு, பூந்தமல்லி பக்கம் கல்லூரி, படித்து முடித்தால் அம்பத்தூரில் வேலை. சென்னையின் மேற்குப் புறநகரில் கணினி படிக்கும் பிள்ளைகள் பலருக்கு வழித்தடம் இதுதான். மூன்று இடத்திலும் கணினி உண்டு. மூன்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கல்லூரி லேப்பில் உபுண்டு 20.04 இருந்தால் அதோடு வருவது பைத்தான் நிரல்மொழியின் 3.8 பதிப்பு. வீட்டு லேப்டாப்பில் இருப்பது 3.12ஆக இருக்கலாம். வீட்டில் இருப்பது பழைய விண்டோஸ் 7 கணினி என்றால் 3.8க்கு மேல் எதுவும் அதில் ஏறாது. ‘மேட்ச்’ என்ற கட்டளை 2021 அக்டோபரில் வந்த 3.10இல்தான் சேர்ந்தது. அதை வைத்து வீட்டில் எழுதிய நிரல், லேப்பில் ஒரு வரிகூட ஓடாமல் பிழை காட்டி நின்றுவிடும். 2023 அக்டோபரில் வந்த 3.12 ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற பழைய பகுதியை நீக்கிவிட்டது. அதை நம்பியிருந்த பழைய பேக்கேஜ்கள் இன்ஸ்டால் ஆகாமல் மக்கர் செய்யும். பிள்ளை தப்பாக எதுவும் எழுதவில்லை, ஆனால் ரெக்கார்டு நோட்டில் எழுத அவுட்புட் இல்லை.

இதற்கான தீர்வு பத்தாண்டுக்கும் மேலாகக் கையில் இருக்கிறது. அதற்குப் பெயர் கன்டெய்னர். நிரலோடு அதற்கு வேண்டிய பைத்தான் பதிப்பையும் பேக்கேஜ்களையும் சேர்த்து ‘இமேஜ்’ என்ற ஒரே பொட்டலமாகக் கட்டி, வேறு கணினிகளிலும் அப்படியே பிரித்து ஓட்டும் முறை இது. இதன் அடிப்படை லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. ஒரு நிரலுக்கு மற்றவை கண்ணில் படாதபடி மறைப்பது ஒரு வசதி; அதற்கு இவ்வளவுதான் நினைவகம் என்று அளந்து கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதை கூகுள் பொறியாளர்கள் 2006இல் எழுதத் தொடங்கினார்கள், 2008இல் அது கெர்னலில் சேர்ந்தது. நிரலாளர் சாலமன் ஹைக்ஸ் 2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைத்தான் மாநாட்டில், சில நிமிடப் பேச்சில், இந்த வசதிகளையெல்லாம் சாதாரண நிரலாளரும் கையாளும்படி செய்த ‘டாக்கர்’ கருவியைக் காட்டினார்.

என் வாதம் இதுதான்: முதலாண்டு பைத்தான் லேப்பே கன்டெய்னரில் நடக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கன்டெய்னர் இல்லாமல் இல்லை. கிளவுட் கம்ப்யூட்டிங் பாடத்தில், டாக்கர் வைத்து முதல் கன்டெய்னரை ஓட்டுவது ஒரு லேப் பயிற்சி. ஆனால் அந்தப் பாடம் விருப்பப் பாடம், அதுவும் மேல் வகுப்பில். பசி தீர்ந்த பிறகு பரிமாறுவது எதற்கு?

செய்யவேண்டியது அதிகமில்லை. ‘டாக்கர்ஃபைல்’ என்ற சிறிய கோப்பில் ஐந்தாறு வரி: எந்தப் பைத்தான், எந்தெந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு. பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுத வேண்டும். ‘லேட்டஸ்ட்’ என்று விட்டுவிட்டால் ஜூலையில் கட்டியதும் டிசம்பரில் கட்டியதும் வேறுவேறாகி, பழைய தலைவலி திரும்பிவிடும். மாணவர் எழுதும் நிரல்கள் கன்டெய்னருக்கு வெளியே உள்ள ஃபோல்டரில் இருந்து உள்ளே இணைக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் கன்டெய்னரை அழிக்கும்போது வீட்டுப்பாடமும் சேர்ந்து போகும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அழுவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்ஸ்டால் செய்யத் திண்டாடினால்தானே கற்றுக்கொள்வார்கள் என்று சில ஆசிரியர்கள் கேட்கலாம். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டின் பட்டறைகளில் இதற்குப் பதில் இருக்கிறது. துளை போடும் இடத்தை ஒவ்வொரு தடவையும் அளந்துகொண்டிருக்காமல் ‘ஜிக்’ என்ற வழிகாட்டிச் சட்டத்தில் மாட்டினால், யார் போட்டாலும் துளை ஒரே இடத்தில் விழும். அதனால் தொழிலாளி திறமை குறைந்துபோவதில்லை. ஜிக் செய்யத் தெரிந்தவருக்குத்தான் டூல் ரூமில் மதிப்பு. ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அமுக்குவதில் என்ன கல்வி இருக்கிறது? தன் நிரலுக்கு என்னென்ன தேவை என்று டாக்கர்ஃபைலில் எழுதத் தெரிவது அதைவிட ஆழமான பாடம்.

கணினியின் தெம்பு பற்றிய கேள்வி நியாயமானது. விண்டோஸில் டாக்கர் ஓட உள்ளுக்குள் ஒரு லினக்ஸும் ஓட வேண்டும், 4 ஜிபி ராம் அதில் மூச்சுத் திணறும். லினக்ஸ் லேப்பில் இந்தச் சுமை கிடையாது. அங்கே கன்டெய்னர் என்பது வேலி போட்ட ஒரு சாதாரண நிரல்தான். இணையமும் ஒரு தடை. இமேஜ்களை இறக்கித் தரும் டாக்கர் ஹப் தளம், அதில் பயனர் கணக்கு தொடங்காமல் இறக்குவோருக்கு, ஒரு இணைய முகவரிக்கு ஆறு மணி நேரத்தில் 100 இறக்கம் என்று 2020 நவம்பரில் வரம்பு வைத்தது. அறுபது பேர் கொண்ட இரண்டு பேட்ச் ஒரே காலையில் இறக்கினால் கதவு சாத்திவிடும். இமேஜை ஒருமுறை இறக்கி, ஒரே கோப்பாகச் சேமித்து, பென்டிரைவில் எல்லாருக்கும் கொடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. வீட்டில் நெட் இல்லாத பிள்ளைக்கும் அதுவே போதும்.

பைத்தானின் சொந்த ‘வென்வ்’ வசதி போதாதா? பேக்கேஜ்களைப் பிரித்துவைக்க அது போதும். அடியில் இருக்கும் பைத்தான் பதிப்பை அது மாற்றாது, மற்ற செமஸ்டரின் சி கம்பைலரையோ டேட்டாபேஸையோ தொடாது. டாக்கருக்கும் எட்டாத இடம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில், பைகேம் பேக்கேஜை வைத்துப் பந்து துள்ளும் விளையாட்டு செய்வது ஒரு பயிற்சி. கன்டெய்னருக்குள்ளிருந்து திரையில் ஜன்னல் திறப்பது புதியவருக்குச் சள்ளை பிடித்த வேலை, அந்த ஒரு பயிற்சியை வெளியிலேயே செய்துவிடலாம்.

பதிப்பு மாற்றம் அதிகம் அடிப்பது சின்ன மொழிகளைத்தான். முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கிய தமிழ் நிரல்மொழி ‘எழில்’ பைத்தானின் மேல் நிற்பது. அடியில் பைத்தான் மாறினால் அதுவும் மாறியாக வேண்டும். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது, ஆனாலும் 2.7க்கான இமேஜ் டாக்கர் ஹப்பில் இன்னும் கிடைப்பதால், அந்தக் காலத்து நிரலையும் ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறது.

லேப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டு மாணவர்கள் வருவதற்கு முன்பே நம்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப் பேக்கேஜ்களையெல்லாம் சேர்த்து ஒரு இமேஜ் கட்டி, லேப் கணினிகளில் ஏற்றிவையுங்கள். லேப் மேனுவலின் முதல் பக்கத்தில் அந்த டாக்கர்ஃபைலை அச்சிட்டுக் கொடுங்கள்.