கொடிக்காலிலிருந்து அலுவலுக்கு: பெற்றோரின் துணை குறித்து

பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர் தொழிலுக்குள் நுழையும் காலத்தில் பெற்றோர் எவ்விதம் துணைநிற்கின்றனர் என்பதை ஆராயப் புகுவோர், பெரும்பாலும் அவர்களுடைய படிப்பையும் வருமானத்தையுமே முதலில் கணக்கிடுகின்றனர். சோழவந்தானில் இக்கணக்கு போதாது.

வையைக் கரையிலுள்ள இவ்வூர், 1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீரால் நெல்லும் தென்னையும் வெற்றிலையும் விளையும் பூமி. 2023-இல் இவ்வூர் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றது. கொடிக்கால் வேலை ஏட்டில் கற்பதன்று. முதலில் அகத்தியை வளர்த்து, அதன்மேல் கொடியை ஏற்றி, வளர வளரக் கட்டிவிடவேண்டும். எந்த இலை கிள்ளும் பருவத்தது என்பதைக் கண்ணும் கையுமே அறியும். தந்தையின் அருகில் நின்றே மகன் இதைக் கற்றான்.

இன்றோ நிலமற்ற கூலிப் பெற்றோர் பலர், இவ்வேலை தங்களோடு முடியட்டும் என்கின்றனர். தொழிலைக் கற்றுக்கொடாமையே அவர்கள் செய்யும் முதல் உதவி. வேலையைப் பிறப்போடு பிணைத்துவைத்த சமுதாயத்தில் இம்மறுப்பைப் பொறுப்பின்மை என்று எண்ணுவது பெரும் பிழை. ஆய்வாளரின் வினாத்தாளில் இதனைக் குறிக்க ஒரு கட்டமும் இராது.

மகனுக்குக் கைத்தொழில் கற்பித்தலைத் தகப்பனின் கடமைகளுள் ஒன்றாக யூதரின் தல்மூது எண்ணுகிறது. நாசரேத்தூரார் இயேசுவைத் தச்சன் என்றும் (மாற். 6:3), தச்சனின் மகன் என்றும் (மத். 13:55) அறிந்திருந்தனர். இவற்றைக் காட்டிக் குலத்தொழிலுக்குத் திருமறைச் சான்று தேடுவோர் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் செபெதேயுவை மறந்துவிடுகின்றனர். மைந்தர் இருவரும் தன்னைக் கூலியாட்களோடு படவில் விட்டுச் சென்றபோது அவன் தடுத்ததாக மாற்கு எழுதவில்லை (1:20). அவனைப் பற்றி நாம் பிரசங்கிப்பதும் அரிதே.

எனினும், மறுத்தபின் அடுத்த வழி எது? இங்கேதான் கூலிப் பெற்றோர் திகைக்கின்றனர். நிலமுடையோர்க்கு நகரில் உறவினர் உண்டு. அலுவலகத்தில் அறிமுகமும் உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் எந்தப் பிரிவு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பவை அவ்வழியாகவே வீட்டுக்குள் வருகின்றன. மற்றோர்க்குச் சபையின் ஆயரோ பள்ளி ஆசிரியரோதான் அந்த உறவினர். அரசு 2022-இல் மாணவரின் திறன்களை வளர்க்க 'நான் முதல்வன்' திட்டத்தையும், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப்பெண்' திட்டத்தையும் தொடங்கியது. ஆயினும், திட்டம் இருப்பதும் அது தாயின் செவிக்கு எட்டுவதும் ஒன்றல்ல.

ஆகவே, ஆய்வு செய்யும் இறையியல் மாணவர், "பிள்ளையை எதுவரை படிக்கவைத்தீர்கள்?" என்பதோடு நில்லாமல், "யாரிடம் கேட்டு முடிவெடுத்தீர்கள்?" என்றும் வினவுவாராக. மகளைப் பெற்றோரிடம் மற்றொரு வினாவும் வேண்டும். மதுரையில் வேலை கிடைத்தாலும், மாலையில் அவள் திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு ஊர் சேரும் என்பதைக் கொண்டே பல வீடுகளில் முடிவு எடுக்கப்படுகிறது.